யுகே கேர் விசாவுக்கு பாக்கி 10 லட்சத்தக் கட்டலாமா? ராதாபுரத்து தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டது "யுகே ஒர்க் விசா ரூல் மாறிட்டுனு சொல்லுதாவளே நெசமா, பழைய ஃபைலுக்கும் அது பொருந்துமா"னு. ஆனா கீழ நீங்க எழுதியிருக்க அஞ்சாறு வரிய படிச்சா உங்க மனசுல இருக்க கேள்வி வேற. தங்கச்சி பி.எஸ்சி நர்சிங் முடிச்சு பாளையங்கோட்டைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில 3 வருஷமா வேல பாக்கா, ஏஜெண்ட் கேர் விசானு, அதாவது அங்க வயசானவங்கள கவனிக்கிற வேலைக்கு விசானு, 14 லட்சம் பேசி 4 லட்சம் வாங்கிட்டாரு, பொங்கலுக்குள்ள பாக்கி 10 லட்சத்த கட்டிருங்க, உங்களுது 2025 மே மாசத்து ஃபைல், புது ரூல் அத தொடாதுங்காரு, அந்த 10 லட்சத்துக்கு அம்மா நகையும் ஊர்ல கெடக்குற ஒரு துண்டு வயலும் அடமானம் போக ரெடியா நிக்கி. அப்ப கேள்வி அந்த 10 லட்சத்த பத்திதான். பதில முதல்லயே சொல்லிருதேன், கட்டாதீங்க. ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமா சொல்லணும், அடுப்புல பனங்கிழங்கு வேகுது, அது வேகுற வரைக்கும் எழுதுதேன்.

நான் திசையன்விளை பக்கத்துக்காரி. 2003ல நர்சா இங்கிலாந்து போனேன், அப்பல்லாம் அடாப்டேஷன்னு சில மாசம் வார்டுல நிக்க வச்சு பாத்துட்டுதான் ரெஜிஸ்டர்ல பேரு ஏத்துவாவ. பத்து பன்னெண்டு வருஷம் வார்டு, அதுக்கப்புறம் வயசானவங்க ஹோம்ல நர்ஸ், கடைசில மேனேஜர். மேனேஜரா இருந்த காலத்துல ஸ்பான்சர் வேலையும் என் தலைலதான், அதாவது ஹோம் ஆபீஸோட (அங்க விசா பாக்குற உள்துறை) ஸ்பான்சர் சிஸ்டத்துல லாகின் பண்ணி சிஓஎஸ் (இந்த வெளிநாட்டு ஆளுக்கு எங்கட்ட வேலை இருக்குனு கம்பெனி பதியுற சான்று) போடுற ஆளு. 2024ல அம்மாவ பாக்க ஊருக்கு வந்துட்டேன், இப்ப பாளைல நர்ஸ் பிள்ளைகளுக்கு ஓஇடி, அதாவது மருத்துவ வேலைக்காரங்களுக்கான இங்கிலீஷ் தேர்வு, சொல்லிக் கொடுக்கேன். வக்கீல் கிடையாது. தங்கச்சிக்கு முன்னாடி எந்த நாட்டு விசாவாவது ரிஜெக்ட் ஆகியிருந்தா அந்த விஷயத்த மட்டும் லைசென்ஸ் உள்ள இமிக்ரேஷன் அட்வைசர்ட்ட கேளுங்க, என் பேச்ச வச்சு முடிவெடுக்காதீங்க.

சரி, ரூல். கேர் வேலைக்கு வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்கலாம்னு கதவ தொறந்தது 2022 பிப்ரவரி 15. கொரோனாவுக்கு அப்புறம் ஹோம்கள்ல ஆளே இல்ல, நானே ராத்திரி டியூட்டிக்கு ஆள் கிடைக்காம ரெட்ட ஷிப்ட் பாத்திருக்கேன், அதனால தொறந்ததுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா தொறந்த வேகத்துல நாலு பேர பாக்க வேண்டிய கம்பெனிலாம் நாப்பது பேருக்கு சிஓஎஸ் வாங்கிச்சு, வந்து இறங்குன பிள்ளைகளுக்கு வேலையே இல்ல. அங்க அரசாங்கம் முழிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அடைச்சாவ. 2024 மார்ச் 11ல கேர் ஒர்க்கர் புருஷன் பிள்ளைய கூட்டிட்டு வரக்கூடாதுன்னாவ. 2025 ஏப்ரல் 9ல, வெளிநாட்டு ஆள் எடுக்குறதுக்கு முன்னாடி ஏற்கனவே அங்கன வந்து வேலை இழந்து நிக்கிற கேர் ஒர்க்கர்கள பாருன்னாவ. 2025 ஜூலை 22ல மொத்தமா பூட்டிட்டாவ. அன்னைலருந்து வெளிநாட்டுல இருக்க ஆளுக்கு கேர் ஒர்க்கர் வேலையோ சீனியர் கேர் ஒர்க்கர் வேலையோ காட்டி புது ஸ்கில்டு ஒர்க்கர் விசா கிடையாது. அந்த வேலைகளோட கோடு நம்பர் 6135, 6136 ரெண்டும் அவுட்டு. ஆஸ்பத்திரில ஹெல்த்கேர் அசிஸ்டெண்ட்னு சொல்லுதாவளே, 6131, அதுவும் போச்சு, ஏன்னா அதே நாள்ல வேலையோட தரத்த டிகிரி லெவலுக்கு, அவங்க கணக்குல ஆர்க்யூஎஃப் 6க்கு, ஏத்திட்டாவ. அதுக்கு கீழ இருக்க வேலைகள்ல தற்காலிக பட்டியல்னு சிலத விட்டு வச்சிருக்காவ, அதுல கேர் வேல இல்ல.

இப்ப உங்க ஏஜெண்ட் சொல்லுத "பழைய ஃபைல்" கத. அதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் ஆளுக நம்புதாவ. ஜூலை 22க்கு முன்னாடியே சிஓஎஸ் போட்டிருந்தா பழைய ரூல்படியே அப்ளை பண்ணலாம்னு விட்டிருந்தாவ. ஆனா ஒரு சிஓஎஸ்ஸுக்கு ஆயுசு 3 மாசம். போட்ட தேதியிலருந்து 3 மாசத்துக்குள்ள விசாவுக்கு அப்ளை பண்ணாட்டி அது செத்த நம்பர். அப்ப ஜூலை 21 ராத்திரி போட்டதா இருந்தாலும் அக்டோபரோட முடிஞ்சு போச்சு. இப்ப 2026 ஜனவரி. மே மாசம் நீங்க 4 லட்சம் கொடுத்த தேதிக்கும் ஹோம் ஆபீஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஏஜெண்ட் மேசைல இருக்க ஃபைலுக்கு அங்க பேரே இல்ல.

நீங்க போட்டோ போட்ட பேப்பர பெருசு பண்ணி பாத்தேன். மேல தங்க கலர்ல வட்ட முத்திரை, கீழ ஊதா மைல கையெழுத்து, "சீனியர் கேர் அசிஸ்டெண்ட்", கோடு 6136, வேலை ஆரம்பிக்கிற தேதி 2026 மார்ச். தம்பி, சிஓஎஸ்னா அது பேப்பரே இல்ல. நான் நூத்துக்கு மேல போட்டிருக்கேன். கம்ப்யூட்டர்ல ஒரு ரெக்கார்டு, அதுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர விசா ஃபாரத்துல போடணும், அவ்வளவுதான். வேணும்னா பிடிஎஃப்பா எடுத்து அனுப்புவோம், வெறும் கட்டம் கட்டமா கறுப்பு எழுத்து, பாக்க கரண்ட் பில்லு மாதிரி இருக்கும். முத்திரையும் கிடையாது கையெழுத்தும் கிடையாது. அப்புறம் உங்ககிட்ட "எங்க கையில இன்னும் 6 சிஓஎஸ் மிச்சம் இருக்கு"ன்னாராமே, வெளிநாட்டுல இருந்து வார ஆளுக்கு அப்படி மொத்தமா கையில வச்சுக்க முடியாது. அது டிஃபைன்டு சிஓஎஸ்னு தனி. என்ன வேல, எத்தன மணி நேரம், எவ்வளவு சம்பளம்னு போட்டு கம்பெனி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஹோம் ஆபீஸ்ல கேட்டு வாங்கணும். கேட்டா பெரும்பாலும் மறுநாளே பதில் வந்துரும், இல்லாட்டி நோண்டி நோண்டி கேள்வி கேப்பாவ. சந்தைல வாழத்தார் அடுக்குன மாதிரி ஏஜெண்ட் அடுக்கி வைக்கிற சாமான் இல்ல அது.

இதுல துட்டு எங்க வருதுனும் சொல்லிருதேன். சிஓஎஸ்க்கு கம்பெனி ஹோம் ஆபீஸுக்கு கட்டுறது 2026 ஜனவரி கணக்குக்கு 525 பவுண்டு. வெளிநாட்டு ஆள எடுக்குறதுக்கு கம்பெனி கட்டுற ஸ்கில்ஸ் சார்ஜ்னு ஒண்ணு உண்டு, 2025 டிசம்பர் 16லருந்து பெரிய கம்பெனிக்கு வருஷத்துக்கு 1,320 பவுண்டு, சின்னதுக்கு 480. இந்த ரெண்டையும் தொழிலாளி தலைல கட்டக்கூடாது. ஸ்கில்ஸ் சார்ஜ் எப்பவுமே கம்பெனி பாடுதான், சிஓஎஸ் கட்டணத்தையும் ஆளுட்ட வாங்கக்கூடாதுனு 2024 டிசம்பர் கடைசில தெளிவா எழுதிட்டாவ. பிறகு அந்த 14 லட்சம் எதுக்கு? நான் வேல பாத்த இடத்துலயே நடந்துச்சு. 2023ல சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ள ஒருத்தி வந்தா, மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் கிச்சன்ல டீ போடும்போது "அக்கா நான் 11 லட்சம் கொடுத்தேன்"ங்கா. நான் போட்ட சிஓஎஸ் அது. கம்பெனி கணக்குல ஒரு பைசா வரல, நான் தேடி பாத்துட்டேன். முதலாளியோட சொந்தக்காரர் ஒருத்தர் ஊர்ல ஏஜெண்ட்ட பேசி வாங்கியிருக்காரு. நான் கேட்டேன், எனக்கு பதில் கிடைக்கல, அதுக்கப்புறம் அந்த வேலைல என்னால நிக்க முடியல. அந்தப் பிள்ள சம்பளத்துல மாசாமாசம் ஊர்க் கடனுக்கே பாதி போகும். குளிருக்கு ஒரு நல்ல கோட்டு வாங்க மாட்டா.

இன்னொண்ணு, கம்பெனி லைசென்ஸ் போச்சுன்னா என்ன ஆகும்னு எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டான். 2022லருந்து 2024 முடிய 470க்கு மேல கேர் கம்பெனிகளோட ஸ்பான்சர் லைசென்ஸ ஹோம் ஆபீஸ் ரத்து பண்ணிச்சு, அதுல மாட்டுன ஆளுக 39,000க்கு மேலனு அவங்களே சொன்ன கணக்கு. லைசென்ஸ் போனா ஒரு லெட்டர் வரும், வழக்கமா 60 நாள், அதுக்குள்ள வேற ஸ்பான்சர் பிடி இல்லாட்டி கிளம்பு. கடன வாங்கிட்டு போன பிள்ளைக்கு 60 நாள்னா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க.

உங்க ஏஜெண்ட் அடுத்து என்ன சொல்லுவாருனும் எனக்கு தெரியும். "சரி விசிட் விசால அனுப்புதேன், அங்க போய் மாத்திக்கலாம்"பாரு. முடியாது. விசிட்டரா போன ஆளு உள்ள இருந்துக்கிட்டே ஒர்க் விசாவுக்கு மாறவே முடியாது, இதுல சந்து பொந்தே இல்ல. இல்லாட்டி "ஸ்டூடண்டா போகட்டும், கேர் ஹோம்ல பார்ட் டைம் பாத்து மாறிக்கிடலாம்"பாரு. இதுல கொஞ்சம் வழி இருக்கு, மறைக்க மாட்டேன். ஏற்கனவே அங்க உள்ள இருக்கவங்க கேர் வேலைக்கு மாறலாம்னு 2028 ஜூலை 22 வரைக்கும் விட்டு வச்சிருக்காவ, ஆனா எந்தக் கம்பெனி ஸ்பான்சர் பண்ணுதோ அங்க 3 மாசமாவது சட்டப்படி வேல பாத்திருக்கணும், ஸ்டூடண்டுக்கு படிப்பு முடியணும், படிக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேல. பதினஞ்சு இருவது லட்சம் ஃபீஸ் கட்டி, ஒரு நர்ஸ், கேர் ஒர்க்கரா மாற போறா. எனக்கு அது கோட்டித்தனமா தெரியுது. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாவ, இது அளக்காம போடுற மாதிரி.

ஏன்னா உங்க தங்கச்சி நர்ஸ் தம்பி. நீங்க எழுதுன கேள்வில இத ஒரு ஓரமா சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயமா பட்டுது. பூட்டுனது கேர் ஒர்க்கர் கதவு. நர்ஸ் டிகிரி லெவல் வேல, அந்தக் கதவு இன்னும் தொறந்துதான் கெடக்கு. வாட்ஸ்அப்புல "41,700 பவுண்டு சம்பளம் இருந்தாதான் விசா"னு ஒரு செய்தி ஓடுதே, அது பொதுவான ஸ்கில்டு ஒர்க்கருக்கு, 38,700ஆ இருந்தத ஜூலைல ஏத்தினாவ. நர்ஸுக்கு அந்தக் கணக்கு கிடையாது, அரசு சம்பள அடுக்குபடி பாப்பாவ. புது நர்ஸ் சேர்றது பேண்ட் 5, 2025-26க்கு ஆரம்ப சம்பளம் 31,049 பவுண்டு. 120 ரூவானு வச்சா வருஷத்துக்கு 37 லட்சம், கேக்க நல்லாருக்கும், ஆனா வரி, இன்சூரன்ஸ், பென்ஷன் பிடிச்சது போக மாசம் கைக்கு 2,000 பவுண்டு பக்கம்தான் வரும். லண்டன் தள்ளி ஒரு ஊர்ல ரூம் வாடகைக்கே 500, 600 போயிரும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு போகட்டும்.

இங்கிலீஷ் ரூல் மாறிட்டுனு பயப்படுதாவளே, அதையும் சொல்லிருதேன். 2026 ஜனவரி 8லருந்து புதுசா வார ஸ்கில்டு ஒர்க்கருக்கு இங்கிலீஷ்ல பி1 தரம் போதாது, அதுக்கு மேல பி2 வேணும். உண்மைதான். ஆனா நர்ஸுக்கு இதனால ஒரு மாத்தமும் இல்ல, என்எம்சி, அதாவது அங்கத்து நர்சிங் கவுன்சில், அத விட கூட ஏற்கனவே கேக்குது. ஐஇஎல்டிஎஸ்னா 7, ரைட்டிங் மட்டும் 6.5. ஓஇடினா பி கிரேடு, ரைட்டிங்ல மட்டும் சி பிளஸ். என்எம்சிக்கு பாஸ் பண்ணா விசாவுக்கும் அதுவே செல்லும். நம்ம பிள்ளைக முட்டுறது எப்பவும் ரைட்டிங்ல. பேஷண்ட பத்தி ரெஃபரல் லெட்டர் எழுதச் சொன்னா கேஸ் ஷீட்ட அப்படியே ஒண்ணு விடாம காப்பி அடிச்சு வச்சிருவாவ, வாசிக்கிற டாக்டருக்கு எது வேணும் எது வேண்டாம்னு கழிக்க தெரியாது. மூணு நாலு மாசம் உக்காந்து பழகுனா வந்துரும், என்ட்ட வந்த பிள்ளைகள்ல மொத தடவ வழுக்கினவங்க நெறய பேரு ரெண்டாவது தடவ எந்திரிச்சிருக்காவ.

செலவும் கேளுங்க, 2026 ஜனவரி கணக்கு. என்எம்சில சிபிடினு கம்ப்யூட்டர் தேர்வு 83 பவுண்டு, அப்ளிகேஷன் 140, அங்க போய் செய்முறையா செஞ்சு காட்டுற ஆஸ்கி தேர்வு 794, ரெஜிஸ்டர் ஆக 153. மொத்தம் 1,170 பவுண்டு, நம்ம துட்டுக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். ஹெல்த் அண்ட் கேர் விசா 3 வருஷத்துக்கு 304 பவுண்டு. மத்த வேலைக்கு போறவங்க வருஷம் 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டணும், இந்த விசாவுக்கு அது இல்ல. இதுக்கு மேல ஓஇடி ஃபீஸ், டிபி டெஸ்ட், சர்டிபிகேட் செலவு, டிக்கெட். எல்லாம் சேத்தாலும் நீங்க ஏற்கனவே ஏஜெண்ட்ட கொடுத்த 4 லட்சத்த தாண்டுறது கஷ்டம். பல அரசு ஆஸ்பத்திரிக ஆஸ்கி ஃபீஸையும் டிக்கெட்டையும் அவங்களே போட்டுருவாவ. அங்க நர்ஸ் எடுக்குறதுக்குனு ஒரு நடத்தை விதி இருக்கு, ஏஜென்சிக்காரங்க நர்ஸ்ட்ட துட்டு வாங்கக்கூடாதுனு. அத ஒத்துக்கிட்ட ஏஜென்சிகளோட பட்டியல என்ஹெச்எஸ் (அங்கத்து அரசு மருத்துவ சேவை) எம்ப்ளாயர்ஸ் வெப்சைட்ல போட்டிருக்காவ. அந்தப் பட்டியல்ல இல்லாத ஆளுட்ட பேசாதீங்க. எந்த ஆஸ்பத்திரி ஹோம் பேரு சொன்னாலும் யுகே அரசு வெப்சைட்ல ஸ்பான்சர் லைசென்ஸ் பட்டியல இறக்கி பேர தேடி பாருங்க, ஃப்ரீதான். பேரு இருந்தா மட்டும் நல்ல இடம்னு ஆகிராது, இல்லாட்டி பேச்சே வேண்டாம்.

இது வரைக்கும் சொன்னது உறுதி. இனி சொல்லுறத கொஞ்சம் தள்ளி வச்சு கேளுங்க. ஒண்ணு, கதவு தொறந்திருக்குங்கதுக்காக வேல குமிஞ்சு கெடக்குன்னு அர்த்தம் இல்ல. 2022, 23ல இண்டர்வியூ முடிஞ்ச மறுநாளே ஆஃபர் வந்துச்சு, இப்ப அப்படி இல்ல. 2024-25ல வெளிநாட்டுலருந்து என்எம்சில புதுசா சேர்ந்த நர்ஸுக முந்தின வருஷத்த விட 30 சதவீதம் போல குறைஞ்சு போச்சு. ஐசியூ, தியேட்டர், டயாலிசிஸ், மனநல வார்டு அனுபவம் இருந்தா கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும்னு நான் நெனைக்கேன், என்ட்ட வந்த பிள்ளைகள வச்சு சொல்லுதேன். ரெண்டு, அங்க நிரந்தரமா தங்குற உரிமை இருக்கே அந்த செட்டில்மெண்ட், இப்ப வரைக்கும் 5 வருஷம். அத பொதுவா 10 வருஷமாக்கணும்னு 2025 மே மாச வெள்ளை அறிக்கைல சொன்னாவ. நவம்பர்ல விவரமா போட்ட யோசனைல என்ஹெச்எஸ்ல இருக்க டாக்டர் நர்ஸுக்கு 5 வருஷமே, டிகிரி லெவலுக்கு கீழ உள்ள கேர் ஒர்க்கர் மாதிரி ஆளுகளுக்கு 15 வருஷம்னு இருக்கு. மக்கள்ட்ட கருத்து கேக்க 2026 பிப்ரவரி 12 வரைக்கும்னு தேதி வச்சாவ. 2026 ஜனவரி வரைக்கும் இது சட்டமாகல, மாறலாம். ஆனா ஒரே வீட்டுலருந்து ரெண்டு பிள்ள ஒண்ணு நர்ஸா ஒண்ணு கேர் ஒர்க்கரா போனா அந்த ஊரு ரெண்டு பேரையும் எப்படி பாக்குதுனு அந்த 5க்கும் 15க்கும் நடுவுல தெரியுது இல்ல.

இனி அந்த 4 லட்சம். முழுசா திரும்பும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன், ஆனா சும்மா விடாதீங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கணும்னா 1983 குடிபெயர்வு சட்டப்படி ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேணும், மத்திய அரசோட இமைகிரேட் வெப்சைட்ல பேரு இருக்கானு தேடலாம், அப்படி லைசென்ஸ் இருக்க ஏஜெண்டே சர்வீஸ் சார்ஜா வாங்கலாம்னு இருக்கது 30,000 ரூவாயும் ஜிஎஸ்டியும்தான். உங்காளு கடை போர்டுல "டிராவல்ஸ், எஜுகேஷன் கன்சல்டன்சி"னு மட்டும் இருக்குன்னு எழுதியிருந்தீங்க, தேடி பாத்துருங்க. ஜிபே ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப் பேச்சு, அந்த தங்க முத்திரை பேப்பர் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வைங்க, வாய்ஸ் மெசேஜ அழிச்சுராதீங்க. மொதல்ல சத்தம் போடாம எழுத்துல "எங்களுக்கு வேண்டாம், பணத்த திருப்பி கொடுங்க"னு ஒரு மெசேஜ் போடுங்க. அவரு இழுத்தடிச்சா கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழம மனு கொடுங்க, எஸ்பி ஆபீஸ்லயும் ஒண்ணு, சென்னைல குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரிக்கும் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் காப்பி. போலீஸ்னு கேட்டதுமே பாதி துட்டோட வீட்டுக்கு வந்த ஏஜெண்டையும் பாத்திருக்கேன், ராத்திரியோட ராத்திரியா கடைய காலி பண்ணிட்டு போனவனையும் பாத்திருக்கேன், அதனால மெசேஜ் போட்ட பிறகு நாள் கடத்தாதீங்க.

வெளிநாடு போயே ஆகணும் ஆனா யுகேதான்னு இல்லன்னா சென்னைல அரசாங்கத்தோட அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கு, 1978லருந்து நடக்குது, நர்ஸுக விளம்பரம் அடிக்கடி போடுவாவ, கல்ஃபும் ஜெர்மனியும். ஜெர்மனிக்கு பாஷை படிக்கணும், அதுக்கு ஒரு வருஷம் ஆகும், தங்கச்சிக்கு பொறுமை இருக்கானு அவளத்தான் கேக்கணும். நீங்க எழுதினதுல அவ என்ன நெனைக்கானு ஒரு வரியும் இல்லையே தம்பி.

இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அவளோட தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் ரினியூவல் தேதிய எடுத்து பாக்க சொல்லுங்க. அயத்துப் போய் காலாவதியா கெடந்தா என்எம்சிக்கு வெரிஃபிகேஷன் அனுப்பவே வழி இல்ல, நாலு பிள்ளைகளாவது இதுல மாசக்கணக்கா நின்னத பாத்திருக்கேன். அது சரியா இருந்தா அவளயே எனக்கு இதுக்கு கீழ எழுத சொல்லுங்க, எந்த வார்டுல எத்தன மாசம் நின்னானு கேட்டுட்டு மேற்கொண்டு சொல்லுதேன். கிழங்கு வெந்துட்டு.